அழுகையில் முடியாத கே, பைசெக்சுவல் நாவல்கள் எவை?

"நான் படிப்பதெல்லாம் துப்பறியும் கதையும் மாயப்புனைவும்தான். கே, பைசெக்சுவல் பாத்திரங்கள் வரும் நாவல்கள் என்று தேடிப் பிடித்துச் சிலவற்றைப் படித்தேன். ஒன்றில் ஒருவன் சாகிறான், இன்னொன்றில் வீட்டில் எப்படிச் சொல்வதென்று கடைசிப் பக்கம் வரை தவிக்கிறான். வேறு மாதிரிக் கதைகளே வரவில்லையா? பைசெக்சுவல் ஆண் ஒருவனை ஒழுங்காக எழுதிய கதை எது?" என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டியல் கேட்பது போலிருந்தாலும், ஆண்களையே விரும்பும் கே ஆண்களுக்கும், ஆண் பெண் இருபாலரையும் விரும்பும் பைசெக்சுவல் மனிதர்களுக்கும் கதைக்குள் துக்கப்படுவதைத் தவிர வேறு வேலை உண்டா என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

உண்டு. கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில் வந்தவற்றை மட்டும் எடுத்தாலும் கொலை விசாரணை, கடத்தல்காரர் கதை, விண்வெளி அரசியல், பேய்க்கதை, விளையாட்டு வீரர்களின் காதல் என்று எல்லாப் பக்கமும் இருக்கிறது. ஒரு நூலகத்தின் ஆங்கிலப் புனைகதைப் பிரிவுக்கு நூல் தேர்வு செய்வது பல வருடங்களாக என் வேலை. அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். எல்லையையும் சொல்லிவிடுகிறேன்: ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை, ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ந்து வந்தவை, இவற்றை வைத்துத்தான் பேசுகிறேன். பெரும்பாலும் ஆண்களை மையமாகக் கொண்ட கதைகள். லெஸ்பியன் புனைவும் திருநர் புனைவும் தனித்தனிப் பெரிய உலகங்கள். அவற்றை இங்கே ஓரமாகச் செருகினால் இரண்டுக்கும் நியாயமாகாது.

பழைய நாவல்களில் ஏன் இத்தனை சாவு என்பதற்கு நன்றாகத் தெரிந்த ஒரு காரணம் இருக்கிறது. ஆங்கில எழுத்தாளர் ஈ.எம். ஃபாஸ்டர் 'மாரிஸ்' நாவலை 1913, 1914 வாக்கில் எழுதினார். அதில் இரண்டு ஆண்கள் காதலித்துக் கடைசியில் சேர்ந்து வாழப் போகிறார்கள். மகிழ்ச்சியான முடிவு கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் எழுதியிருக்கவே மாட்டேன் என்பது அவர் நிலை. அந்த முடிவுதான் புத்தகத்தை வெளியிட முடியாததாக ஆக்கியது என்றும், காதலர்கள் தூக்கில் தொங்கியிருந்தால் பிரச்சினையே இருந்திருக்காது என்றும் அவரே பின்குறிப்பில் எழுதியிருக்கிறார். ஆண்களுக்கு இடையிலான உறவைக் குற்றமாக்கிய சட்டம் இங்கிலாந்தில் தளர்ந்தது 1967-ல். ஃபாஸ்டர் இறந்தது 1970-ல். நாவல் அச்சானது 1971-ல். சாவில் முடிந்தால் அச்சேறும், வாழ்ந்தால் ஏறாது என்ற நிலையில் எழுதப்பட்ட ஒரு பரம்பரையின் வாசனைதான் நீங்கள் படித்தவற்றில் இன்னும் அடிக்கிறது.

இதைப் பற்றி எனக்கென்று ஒரு கணிப்பு உண்டு, அதை வைத்தே நூல்களைச் சொல்கிறேன். இந்தக் கதைகள் பெரும்பாலானவற்றின் நடுவில் ஒரு ரகசியம் இருக்கிறது. அந்த ரகசியத்தை வைத்து என்ன செய்வது என்பதில் ஒவ்வொரு வகைக் கதையும் வேறுபடுகிறது. யதார்த்த நாவல் அதைப் புண்ணாகப் பார்க்கிறது, துப்பறியும் கதை தடயமாக்குகிறது. காதல் கதைக்கு அது தாண்ட வேண்டிய தடை. மாயப்புனைவு நினைத்தால் அந்த ரகசியமே தேவைப்படாத ஓர் உலகத்தைக் கட்டிவிட முடியும். உங்களுக்கு எது வேண்டும் என்பதை இதை வைத்தே முடிவு செய்யலாம்.

நீங்கள் துப்பறியும் கதை வாசகர், அங்கிருந்தே வருகிறேன். லெவ் ஏ.சி. ரோசன் எழுதிய 'லாவெண்டர் ஹவுஸ்' 2022-ல் வந்தது. கதை நடப்பது 1952-ல், சான் பிரான்சிஸ்கோவில். ஆண்டி மில்ஸ் போலீஸ் இன்ஸ்பெக்டர். தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் மதுக்கூடம் ஒன்றில் நடந்த ரெய்டில் மாட்டிக்கொண்டு வேலை பறிபோகிறது. உயிரை விட்டுவிடலாம் என்ற முடிவோடு குடித்துக்கொண்டிருப்பவனிடம் வயதான ஒரு பெண்மணி வந்து வழக்கு ஒன்றை ஒப்படைக்கிறார். சோப்புத் தொழிலில் சம்பாதித்த பெரிய குடும்பம் அது. அவர்கள் மாளிகைக்குள் முதலாளியம்மாவிலிருந்து பட்லர் வரை கிட்டத்தட்ட எல்லாருமே தன்பாலீர்ப்பாளர்கள். கேட்டுக்கு உள்ளே தங்கள் துணையோடு வாழ்கிறார்கள், ஊருக்கு முன்னால் ஆணும் பெண்ணுமாகக் கணவன் மனைவி வேஷம் போடுகிறார்கள். இப்போது அந்த முதலாளியம்மா இறந்து கிடக்கிறார். விபத்தா, வீட்டிலிருப்பவர்களில் ஒருவர் செய்ததா என்று கண்டுபிடிக்க வேண்டும்.

எல்லாரும் பொய் சொல்லும் ஒரு வீடு துப்பறியும் கதைக்கு எப்போதும் தேவை. ரோசனின் கெட்டிக்காரத்தனம், கொலைக்குச் சம்பந்தமில்லாமலே எல்லாரும் பொய் சொல்லிப் பழகிய ஒரு வீட்டைத் தேர்ந்தெடுத்ததில் இருக்கிறது. பயத்தால் வரும் பொய் எது, குற்றத்தால் வரும் பொய் எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் ஆண்டியின் வேலை. அவன் வாழ்க்கை முழுதும் முதல் வகைப் பொய்யைச் சொல்லியே வந்தவன் என்பதால் அந்தப் பிரிப்பு அவனுக்குக் கைவருகிறது. ஆனால் ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: போலீஸில் இருந்தபோது தன்னைப் போன்றவர்கள் அடிபடுவதைப் பார்த்தும் பேசாமல் இருந்தவன் அவன். நாவல் அதை மன்னித்து விட்டுவிடுவதில்லை.

இந்த வரிசையின் மூன்றாவது நாவல் 'ரஃப் பேஜஸ்', 2024-ல் வந்தது, எனக்கு மிகவும் பிடித்தது. புத்தகக் கடைக்காரர் ஒருவர் நம்பிக்கையான சந்தாதாரர்களுக்கு மட்டும் தபாலில் தன்பாலீர்ப்புப் புத்தகங்கள் அனுப்பிவருகிறார். திடீரென்று அவரும் காணவில்லை, அவருடைய முகவரிப் புத்தகமும் காணவில்லை. அந்தப் பெயர்ப் பட்டியல் யார் கையில் சிக்கினாலும் அதிலுள்ள ஒவ்வொருவருக்கும் வேலை போகும், குடும்பம் போகும், ஜெயில்கூட வரலாம். இது கற்பனை மிகை இல்லை. 'ஒன்' என்ற தன்பாலீர்ப்பாளர் பத்திரிகையின் 1954 அக்டோபர் இதழை ஆபாசம் என்று சொல்லி லாஸ் ஏஞ்சலஸ் தபால் அதிகாரி அனுப்ப மறுத்தார். அந்தப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது 1958-ல்தான். யார் எந்தப் புத்தகம் எடுத்தார் என்பதை வெளியே சொல்லக் கூடாது என்பது நூலக வேலையில் சேரும்போதே கற்றுக்கொடுக்கப்படும் பாடம். அந்தப் பாடம் ஏன் வந்தது என்பதை இந்த நாவலைவிடத் தெளிவாகக் காட்டிய புனைவை நான் படித்ததில்லை.

இந்த வகைக்குப் பழைய வேர்களும் உண்டு. ஜோசஃப் ஹான்சன் 1970-லேயே 'ஃபேட்அவுட்' நாவலில் டேவ் பிராண்ட்ஸ்டெட்டர் என்ற இன்சூரன்ஸ் புலனாய்வாளரை எழுதிவிட்டார். அவர் தன்னைப் பற்றிக் கொஞ்சமும் வெட்கப்படாத மனிதர். மைக்கேல் நாவாவின் ஹென்றி ரியோஸ், கலிஃபோர்னியாவில் வக்கீல், மெக்சிகோ வம்சாவளி. அந்த வரிசை எண்பதுகளில் ஆரம்பித்தது. நாவா நீண்ட இடைவெளிக்குப் பின் திரும்பி வந்து 2019-ல் 'கார்வ்டு இன் போன்' எழுதினார். அதன் களம் எய்ட்ஸ் நோய் பரவிய 1984-ன் சான் பிரான்சிஸ்கோ. மரணமே வேண்டாம் என்றால் இதைத் தள்ளிவையுங்கள். மரணத்தைப் பொறுப்போடு கையாளும் துப்பறியும் கதை போதும் என்றால் நாவா அளவுக்கு எழுதுபவர் குறைவு.

அடுத்தது காதல் நாவல். இதை மட்டமாக நினைப்பவர்கள் நம் வாசகர்களில் நிறையப் பேர். உங்கள் கேள்விக்கு நேரடியான பதில் இந்த வகையில்தான் இருக்கிறது. ஆங்கிலப் பதிப்புலகில் ரொமான்ஸ் என்று அட்டையில் போட்டால், காதலர்கள் முடிவில் நம்பிக்கையோடு சேர்ந்திருக்க வேண்டும் என்பது எழுத்தாளருக்கும் வாசகருக்கும் உள்ள ஒப்பந்தம். ஃபாஸ்டர் அரை நூற்றாண்டுக்கு மேல் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டியிருந்த அந்த முடிவு, இங்கே கதைக்குள் நுழையக் கட்டணமாகிவிட்டது.

இதில் எழுத்துத் தரத்துக்காக நான் முதலில் கையில் கொடுப்பது கே.ஜே. சார்ல்ஸ். காதல் நாவல்களுக்குப் பேர்போன மில்ஸ் அண்ட் பூன் பதிப்பகத்தில் எடிட்டராக இருந்தவர், அதனால் இந்த வகையின் எலும்புக்கூடு அவருக்கு மனப்பாடம். 2023-ல் வந்த 'தி சீக்ரெட் லைவ்ஸ் ஆஃப் கன்ட்ரி ஜென்டில்மென்' நடப்பது 1810-ல், இங்கிலாந்தின் ராம்னி மார்ஷ் சதுப்பு நிலத்தில். அப்பாவால் சின்ன வயதிலேயே கைவிடப்பட்ட காரெத், அவர் இறந்ததும் பட்டமும் வீடும் வாரிசாகக் கிடைத்துக் கிராமத்துக்கு வருகிறான். ஜாஸ் டூம்ஸ்டே அந்தப் பகுதியின் கடத்தல் குடும்பத்துத் தலைவன். இருவரும் லண்டனில் உண்மைப் பெயர் சொல்லிக்கொள்ளாமலே பழகியவர்கள். மறுபடி சந்திப்பது நீதிமன்றத்தில்: காரெத் சாட்சிக் கூண்டில், ஜாஸின் தங்கைக்கு எதிராகச் சாட்சி சொல்ல நிற்கிறான். அந்தக் காலத்து இங்கிலாந்தில் இந்த உறவுக்குத் தூக்கு; கடைசியாக இருவர் தூக்கிலிடப்பட்டது 1835-ல், சட்டத்திலிருந்து மரண தண்டனை நீங்கியது 1861-ல். ஒருவர் கழுத்து இன்னொருவர் நாக்கில் இருக்கிறது என்ற அந்தக் கூண்டுக் காட்சி எந்தத் திகில் கதைக்கும் குறைந்ததில்லை. அதற்கப்புறம் காரெத் சதுப்பில் நீர்வண்டுகளைத் தேடி அலைவதும், அந்த மண்ணை அங்குலம் அங்குலமாக அறிந்த ஜாஸ் வழி காட்டுவதுமாகக் கதை மெதுவாகச் சூடேறுகிறது. காரெத்துக்குப் பூச்சிகள் மேலுள்ள பைத்தியத்தை ஜாஸ் பொறுமையாகக் கேட்கும் இடங்களில், படுக்கையறைக் காட்சிகளைவிட அதிகக் காதல் இருக்கிறது.

கேசி மெக்விஸ்டனின் 'ரெட், ஒயிட் அண்ட் ராயல் ப்ளூ' 2019-ல் வந்து பெரிய வெற்றி பெற்றது, 2023-ல் படமும் ஆனது. அமெரிக்க ஜனாதிபதியாக இருக்கும் பெண்ணின் மகன் அலெக்ஸ், இங்கிலாந்து இளவரசன் ஹென்றி. நம்ப முடியாத அளவுக்கு இனிப்பான அரசியல், அதை ஒப்புக்கொண்டுதான் படிக்க வேண்டும். ரேச்சல் ரீடின் 'ஹீட்டட் ரைவல்ரி' அதே 2019-ல் வந்தது. இரண்டு ஐஸ் ஹாக்கி வீரர்கள், எதிரெதிர் அணி, வருடக்கணக்கில் ஓட்டல் அறைகளில் ரகசியச் சந்திப்பு. 2025 இறுதியில் கனடாவில் தொடராக வந்தபின் நூலகத்திலும் இதைக் கேட்டு வருகிறவர்கள் பெருகிவிட்டார்கள். வெளிப்படையான உடலுறவுக் காட்சிகள் நிறைய, பேருந்தில் உட்கார்ந்து படிக்கத் தோதான புத்தகம் இல்லை.

மாயப்புனைவிலும் அறிவியல் புனைவிலும் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது எவரீனா மாக்ஸ்வெலின் 'விண்டர்ஸ் ஆர்பிட்', 2021. முதலில் இணையத்தில் இலவசமாக எழுதப்பட்டுப் பிறகு புத்தகமானது. ஒரு விண்வெளிப் பேரரசு, அதற்குக் கட்டுப்பட்ட சின்னக் கிரகம், இரண்டுக்கும் உடன்படிக்கை நீடிக்க ஒரு கல்யாணம் அவசியம். கிரகத்தின் தரப்பில் வந்த ஜைனன் என்பவனின் கணவன், பேரரசின் இளவரசன், இறந்துபோகிறான். துக்கம் முடியும் முன்பே கீம் என்ற இன்னொரு இளவரசனுக்கு அவனைக் கட்டிவைக்கிறார்கள். இந்த உலகத்தில் ஆண் ஆணைக் கட்டுவது யாருக்கும் செய்தியே இல்லை. ஆகவே ரகசியம் வேறு இடத்துக்கு நகர்கிறது: ஜைனன் தன் முதல் கல்யாணத்துக்குள் என்னவெல்லாம் அனுபவித்தான் என்பதை வெளியே சொல்லாமல் இருக்கிறான். பெரியவர்கள் பேசி முடித்த கல்யாணத்தில் முதல் சில நாட்கள் இருவரும் ஒருவரையொருவர் புண்படுத்தக் கூடாதென்று அளந்து அளந்து பேசிக்கொள்ளும் காட்சிகள் நம்மில் பலருக்குச் சொந்த வீட்டு நினைவைக் கொண்டுவரும். தன் மேல் கோபமோ என்று ஜைனன் ஒவ்வொரு வார்த்தையையும் எடை போடுவதும், ஒன்றும் புரியாத கீம் இன்னும் கலகலப்பாகப் பேசிக் காரியத்தைக் கெடுப்பதும் மிக நுட்பமாக எழுதப்பட்டவை. அரசியல் சதிப் பகுதி அந்த அளவுக்கு இல்லை, சுமார்தான்.

டி.ஜே. க்ளூனின் 'தி ஹவுஸ் இன் தி செருலியன் சீ', 2020, எல்லாரும் பரிந்துரைப்பது. நாற்பது வயது அரசு அலுவலர் லைனஸ், மாயசக்தி உள்ள குழந்தைகள் இருக்கும் தீவு விடுதி ஒன்றை ஆய்வு செய்யப் போய், அதை நடத்தும் ஆர்தர் மேல் மனம் போகிறது. விடுதியின் ஆறு குழந்தைகளில் ஒன்று சாத்தானின் மகன், வயது ஆறு. மனசுக்கு இதமான கதை. ஆனால் இதைச் சுற்றி ஒரு வாதம் உண்டு, அதையும் தெரிந்துகொண்டே படியுங்கள். கனடாவில் பழங்குடிக் குழந்தைகளை அரசே குடும்பங்களிலிருந்து பிரித்தெடுத்த வரலாறு தனக்குத் தூண்டுதலாக இருந்ததாக ஆசிரியர் ஒரு பேட்டியில் சொன்னார். அந்தக் கொடுமையை எடுத்து, இனிய விடுதிக் கதையாக்கலாமா என்ற கோபம் எழுந்தது. கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன். அதற்காக நாவலே வேண்டாம் என்று சொல்லும் இடத்துக்கு நான் வரவில்லை. இதில் வேறு கருத்து உள்ள வாசகர்களை மதிக்கிறேன்.

நீங்கள் படித்து அழுதவற்றில் மேடலின் மில்லரின் 'தி சாங் ஆஃப் அகிலீஸ்' இருந்திருந்தால் வியப்பில்லை. 2011-ல் வந்து 2012-ல் பெண் எழுத்தாளர்களுக்கான ஆரஞ்சு பரிசு பெற்று, பிறகு டிக்டாக் வழியே மறுபிறவி எடுத்த நாவல். அதில் சாவு வருவதற்குப் பொறுப்பு, மூலக்கதையான 'இலியட்' காவியத்தைப் பாடிய ஹோமர். ஆண்களுக்கு இடையிலான காதலைச் சொல்லும் சீன டான்மெய் நாவல்களையும் ஒரு வரி தொட்டுச் செல்கிறேன்: மோ ஷியாங் டோங் ஷியு எழுதிய 'மோ தாவ் சு ஷி' போன்றவை மாயமும் வாள்வீச்சும் துப்பறிதலும் கலந்தவை, பெரும்பாலும் பெண்கள் பெண்களுக்காக எழுதுவது. 2019-ல் அது தொலைக்காட்சித் தொடரானபோது தணிக்கைக்காகக் காதல் நட்பாக மாற்றப்பட்டது. தொடரைப் பார்த்தவர்கள் நாவலையும் படித்தால்தான் கதை முழுமையாகும். திகில் கதை பிடிக்குமென்றால் சக் டிங்கிளின் 'பரி யுவர் கேஸ்', 2024. ஹாலிவுட் திரைக்கதையாளர் ஒருவரிடம் அவருடைய தன்பாலீர்ப்புப் பாத்திரங்களைக் கொன்றுவிடும்படி ஸ்டூடியோ வற்புறுத்துகிறது. அவர் மறுக்க, அவர் எழுதிய பேய்கள் அவரையே துரத்துகின்றன. நீங்கள் கேட்ட கேள்வியையே கதையாக எடுத்துக்கொண்ட நாவல் இது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, பைசெக்சுவல் ஆண். இங்கே நிலைமை இன்னும் மெலிவாகத்தான் இருக்கிறது. கே பாத்திரத்தின் ரகசியம் ஒருமுறை வெளிப்பட்டால் வெளிப்பட்டதுதான். பைசெக்சுவல் பாத்திரத்துக்கு அப்படி இல்லை: ஆணோடு சேர்ந்தால் "ஓ, இத்தனை நாளும் கே-தானா" என்கிறார்கள், பெண்ணோடு சேர்ந்தால் "அது ஏதோ விடலைப் பருவத்து மயக்கம்" என்கிறார்கள். எப்படிப் போனாலும் பாதி ஆள் காணாமல் போகிறான். ஆகவே ஒரு நாவல் இதை ஒழுங்காகச் செய்திருக்கிறதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை எளிது: அந்தப் பாத்திரத்தின் முந்தைய காதல்களை நாவல் பொய்யாக்குகிறதா, உண்மையாகவே விட்டுவைக்கிறதா?

'ரெட், ஒயிட் அண்ட் ராயல் ப்ளூ'வின் அலெக்ஸ் இந்தச் சோதனையில் தேறுகிறான். அவனுக்குப் பழைய காதலி ஒருத்தி உண்டு, அவள் இப்போதும் நெருங்கிய தோழி, அந்தக் காதல் வேஷம் என்று கதை எங்கும் சொல்வதில்லை. தன்னைப் பைசெக்சுவல் என்றே அவன் சொல்லிக்கொள்கிறான். 'ஹீட்டட் ரைவல்ரி'யின் ரஷ்ய வீரன் இல்யாவும் அப்படித்தான். பெண்கள் மேல் அவனுக்குள்ள ஈர்ப்பு நடிப்பு இல்லை, அது எதிரணி வீரன் ஹாலண்டர் மேலுள்ள காதலைக் குறைப்பதும் இல்லை. ஆலிஸ் ஓஸ்மனின் 'ஹார்ட்ஸ்டாப்பர்' சித்திரக்கதையில் பள்ளி ரக்பி வீரன் நிக், சார்லி என்ற பையன் மேல் மனம் போனதும் ராத்திரி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து நீங்கள் கே-யா என்று கேட்கும் இணைய வினாடி வினாவைத் தட்டிப் பார்க்கிறான். பெண்களையும் பிடித்திருந்ததே என்ற குழப்பம் அவனை விடுவதில்லை. தனக்குப் பொருந்தும் பதிலுக்கு அவன் கொஞ்சம் கொஞ்சமாக வந்துசேர்வதை, வசனமே இல்லாத கட்டங்களிலும் ஓஸ்மன் வரைந்து காட்டுகிறார். இதைப் பெரியவர்களும் படிக்கலாம்.

பெண் பாத்திரம் என்றாலும் டெய்லர் ஜென்கின்ஸ் ரீடின் 'தி செவன் ஹஸ்பெண்ட்ஸ் ஆஃப் ஈவ்லின் ஹ்யூகோ', 2017, இங்கே அவசியம் வர வேண்டும். ஏழு கணவர்கள் கண்ட சினிமா நட்சத்திரம் ஈவ்லின், வாழ்நாள் காதல் செலியா என்ற நடிகையோடு. பேட்டி எடுக்க வந்த பெண் உடனே அவளை லெஸ்பியன் என்று எண்ணிக்கொள்ள, ஈவ்லின் அங்கேயே திருத்துகிறாள்: முதலில் நேசித்த ஓர் ஆணை நேசித்ததும் உண்மை, அதை வசதிக்காக அழிக்காதே என்று. செலியாவுக்கும் இதே சந்தேகம் வருடக்கணக்கில் இருந்து உறவைக் கெடுக்கிறது என்பதையும் நாவல் காட்டுகிறது.

நம் பக்கத்தில் இதற்கு மிக நெருக்கமாக வருவது சச்சின் குண்டல்கரின் மராத்தி நாவல் 'கோபால்ட் ப்ளூ'. மூலம் 2006, ஜெர்ரி பிண்டோவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2013, ஆசிரியரே இயக்கிய படம் 2022. வீட்டு மாடியில் பேயிங் கெஸ்டாக ஓர் இளைஞன் வருகிறான். அண்ணன் தனய் அவனைக் காதலிக்கிறான், தங்கை அனுஜாவும் காதலிக்கிறாள். ஒருவர் காதல் மற்றவருக்குத் தெரியாது. நாவலின் முதல் பாதி தனய் அவனை "நீ" என்று அழைத்துப் பேசுவது; இரண்டாம் பாதி அனுஜாவின் டைரி. அந்த இளைஞனுக்குக் கடைசிவரை பெயர் கிடையாது, அவன் வாயிலிருந்து ஒரு விளக்கமும் கிடையாது. அவன் இருவரையும் உண்மையாக நேசித்தானா, ஒருவரையுமே நேசிக்கவில்லையா என்பதை வாசகர்தான் தீர்மானிக்க வேண்டும். பைசெக்சுவல் மனிதன் ஏமாற்றுக்காரன் என்ற பழைய சாயல் இதில் இருக்கிறது என்று சிலர் சொல்வதைப் புரிந்துகொள்கிறேன். எனக்குத் தோன்றுவது வேறு: ஒரே மனிதனை அண்ணனும் தங்கையும் எவ்வளவு வித்தியாசமாகப் பார்க்கிறார்கள் என்பதும், வீட்டில் அனுஜாவின் துயரத்துக்காவது எல்லாரும் கூடுகிறார்கள், தனயின் துயரம் துயரமாகவே யார் கண்ணிலும் படவில்லை என்பதும்தான் இந்த நாவலின் உயிர். இது தீர்ப்பு இல்லை, என் வாசிப்பு.

யதார்த்த நாவலை மொத்தமாக ஒதுக்கிவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். பெர்னார்டின் எவரிஸ்டோவின் 'மிஸ்டர் லவர்மேன்', 2013, சிரித்துக்கொண்டே படிக்கலாம். ஆன்டிகுவா தீவிலிருந்து லண்டனுக்கு வந்த பாரிங்டனுக்கு வயது 74. ஜோராக உடுத்துபவர், ஷேக்ஸ்பியர் மேற்கோள் காட்டுபவர், வீடுகளை வாடகைக்கு விட்டுச் சம்பாதித்தவர். பால்ய காலம் முதல் காதலன் மாரிஸ். ஐம்பது வருட மனைவி கார்மல். முதுமையில் மனைவியை விட்டு வெளியேறி மாரிஸோடு வாழ நினைக்கிறார். நகைச்சுவையாக ஓடும் அவர் குரலுக்கு நடுவே கார்மலுக்கென்று தனி அத்தியாயங்கள் வருகின்றன, கவிதை போல் உடைந்த வரிகளில். ஒருவர் காத்த ரகசியத்துக்கு இன்னொருவர் ஐம்பது வருடம் விலை கொடுத்தது அங்கே தெரிகிறது. இந்த வகை நாவல்களில் மனைவியை இவ்வளவு மரியாதையாக எழுதியது அபூர்வம். ஊருக்காகக் கல்யாணம் பண்ணிவைக்கும் எந்தச் சமூகத்திலும் இதைப் படிப்பவர்களுக்கு நெஞ்சில் தைக்கும். டக்ளஸ் ஸ்டுவர்ட்டின் 'யங் முங்கோ', 2022, கிளாஸ்கோ நகரத்தில் புராட்டஸ்டன்ட் பையனும் கத்தோலிக்கப் பையனும், புறாக்கூண்டும். அற்புதமான எழுத்து. ஆனால் வன்முறை கடுமையானது, இப்போதைக்கு நீங்கள் தேடுவது இது இல்லை.

தமிழர் வாழ்க்கை தொட்டவற்றில் ஷியாம் செல்வதுரையின் 'ஃபன்னி பாய்', 1994, சமீபத்தியது இல்லையென்றாலும் சொல்லாமல் விட முடியாது. கொழும்புத் தமிழ்ச் சிறுவன் ஆர்ஜி, சேலை கட்டிக் கல்யாணப் பெண் விளையாட்டு விளையாடுவதில் ஆரம்பித்து 1983 கலவரத்தில் முடியும் கதைகள். எஸ்.ஜே. சிந்துவின் 'மேரேஜ் ஆஃப் எ தௌசண்ட் லைஸ்', 2017: அமெரிக்காவில் லக்கி என்ற ஈழத்தமிழ்ப் பின்னணிப் பெண்ணும் கிருஷ்ணா என்ற ஆணும், இருவருமே தன்பாலீர்ப்பாளர்கள், குடும்பத்துக்காகக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். 'லாவெண்டர் ஹவுஸ்' மாளிகையில் நடக்கும் அதே ஏற்பாடு, சாமியறையும் சொந்தபந்தமும் உள்ள வீட்டில். கன்னடத்தில் வசுதேந்திராவின் 'மோகனசுவாமி' தொகுப்பும், 2013, ஆங்கிலத்தில் 2016, அவசியம் படிக்க வேண்டியது.

இன்னும் தீராத ஒரு வாதத்தைச் சொல்லியாக வேண்டும். ஆண்களின் காதலைப் பெண்கள் இத்தனை எழுதுகிறார்களே, எழுதுபவரும் அந்த ஈர்ப்பு உள்ளவராக இருக்க வேண்டாமா என்ற கேள்வி. நான் இதில் உறுதியாக ஒரு பக்கம் நிற்கவில்லை, ஆனால் அந்தக் கேள்வியை ஆளை நோக்கித் திருப்பினால் என்ன ஆகிறது என்பதைப் பார்த்துவிட்டோம். இளையோர் நாவலாசிரியர் பெக்கி ஆல்பர்டல்லி "நீ யார் இதை எழுத" என்று வருடக்கணக்கில் வறுத்தெடுக்கப்பட்டு, 2020-ல் தான் பைசெக்சுவல் என்று தயாராகும் முன்பே அறிவிக்க நேர்ந்தது. 'ஹார்ட்ஸ்டாப்பர்' தொடரில் நிக்காக நடித்த கிட் கானருக்கு 2022-ல் பதினெட்டு வயதில் அதே கதி. பைசெக்சுவல் ஆட்களுக்கே இது நடந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. பார்த்ததும் அவர்களை யாரும் அடையாளம் காண்பதில்லை.

வரிசை கேட்டால் இப்படிச் சொல்வேன். முதலில் 'லாவெண்டர் ஹவுஸ்', உங்கள் பழகிய களம். அடுத்து 'விண்டர்ஸ் ஆர்பிட்'. பைசெக்சுவல் ஆண் வேண்டுமென்றால் மனம் இலேசாக இருக்கும் நாளில் 'ரெட், ஒயிட் அண்ட் ராயல் ப்ளூ', தனிமையில் உட்கார நேரம் கிடைக்கும்போது 'கோபால்ட் ப்ளூ'. கடைசியாகச் சொன்னது அழுகைக்குப் பக்கத்தில் கொண்டுபோகும், ஆனால் சாவில் முடிவதில்லை. வாங்கக் காசு இல்லையென்றால் உங்கள் ஊர் நூலகத்தில் எழுதிக் கேளுங்கள்; கேட்ட தலைப்புகளைத்தான் எங்களைப் போன்றவர்கள் அடுத்த கொள்முதலில் முதலில் பார்ப்போம்.